பதினோரு முறை ஐந்தரை

என் தொழிலில் கை அழுக்காகாது. மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணினிக்குள் ஒரு பொடியைக் கட்டுவேன். உலோக அணுக்கள் மூலைத் தூண்கள், அவற்றை இணைக்கும் கரிமச் சேர்மங்கள் சட்டங்கள், நடுவில் முழுக்க வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் கரியமில வாயுவின் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக விட்டு, எத்தனை உள்ளே தங்குகின்றன, எத்தனை வெளியே ஓடுகின்றன என்று எண்ணுவேன். நிறையத் தங்கினால் நல்ல பொடி. தங்கியதை அந்த உலோகமே பிடித்து உருப்படியான வேறொரு பொருளாக மாற்றிவிட்டால் அது வினையூக்கி, இன்னும் நல்ல பொடி. இதற்குப் போய்ச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் அம்மா சாகும்வரை நம்பவில்லை.

நான் கணினியில் கட்டுவதை நிஜத்தில் செய்ய வேண்டியவன் தரைக்குக் கீழே, நிலவறை ஆய்வகத்தில் இருந்தான். அன்செல்மோ லூசேரோ. வில்யா மெர்சேதெஸ் என்ற ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். நான் முனைவர் பட்டம் வாங்கினேன். அவன் பாதியில் விட்டான். அந்த வருஷம்தான் அவன் மனைவி சுல்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அவனை நான் ‘ஒல்லி’ என்பேன், எங்கள் நாட்டில் பாதி ஆண்களுக்கு அதுதான் பெயர். என்னை அவன் ‘டாக்டரம்மா’ என்பான், கிண்டலாக.

சுல்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருப்பாள். செலவு முழுக்க அன்செல்மோவின் வேலையோடு வரும் மருத்துவக் காப்பில் போய்க்கொண்டிருந்தது. வேலை போனால் காப்பு போகும். அரசாங்கத்திடம் வேறு வழியில் கேட்கலாம்தான், ஆனால் அந்தக் காகிதம் மேஜை விட்டு மேஜை நகர மாதக்கணக்காகும். அதுவரை அவள் ரத்தம் காத்திருக்காது.

கதை என் எண்ணில் தொடங்குகிறது. நிக்கல் சேர்த்த ஒரு பச்சைப் பொடிக்கு நான் கணக்குப் போட்டேன். ஒரு கிராமில் எவ்வளவு வாயு தங்கும் என்பதற்கு ஒன்பது புள்ளி நான்கு என்று விடை வந்தது. அந்த வகைப் பொடிகளில் அது பெரிய எண். கட்டுரை வெளியானதும் எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. எங்கள் இயக்குநர் எச்செவார்னே அதைக் காட்டி ஒரு திட்டத்தையே வாங்கிக்கொண்டு வந்தார். இனி அன்செல்மோ அந்தப் பொடியைச் செய்து, வாயுவை ஏற்றி, எண்ணை அளந்து காட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவன் செய்தான். அளந்தான். ஐந்தரை வந்தது.

மறுபடி செய்தான். ஐந்தரை. இரண்டு வருஷத்தில் பதினோரு முறை செய்தான். அளக்கும்போது பொடி இருக்கும் குழாயை ஐஸில் முக்கி வைக்க வேண்டும். எங்கள் ஐஸ் இயந்திரம் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பெட்ரோல் நிலையத்தில் ஐஸ் மூட்டை வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் மிதித்து வருவான்.

“இந்தத் தடவ எவ்வளவு?” என்று நான் மேலிருந்து இறங்கிப் போய்க் கேட்பேன்.

“அஞ்சரை.”

“மறுபடியுமா?”

“அந்த மெஷினுக்கு வேற நம்பரே தெரியாதுபோல.”

“மெஷின் மேல பழி போடாதடா ஒல்லி. நீ கழுவினது பத்தல. துளையெல்லாம் அடைச்சிக் கிடக்கு.”

“மூணு நாள் மெத்தனால்ல ஊறப்போட்டுக் கழுவியிருக்கேன் டாக்டரம்மா. என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிக் குளிக்கல.”

“அப்ப சூடு பத்தல. நூத்தம்பதுக்கு ஏத்திப் பாரு.”

“ஏத்தினேன். பொடி செத்துப்போச்சு. நூத்திருபதுதான் தாங்கும்.”

“என் கணக்குல தாங்குதே.”

“உன் கணக்குல எல்லாம் தாங்கும். அங்க யாருக்கும் சுடாதுல்ல.”

சிரித்துவிட்டு மேலே வந்துவிடுவேன். அவன் சொன்னதை ஒரு முறையாவது காதில் போட்டுக்கொண்டிருக்கலாம். போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் உலகத்தில் கணக்குப் போடுகிறவள் தப்புச் செய்யமாட்டாள், கழுவுகிறவன்தான் செய்வான். யாரும் இதை எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷத்து அறிக்கையில் நான் ஒரு வரி எழுதினேன். “கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் காரணம், பொடியின் தயாரிப்பில் உள்ள குறைபாடு.” இரண்டு நிமிஷத்தில் எழுதிவிட்டு, மதியத்துக்கு மிலனேசா இறைச்சி வறுவல் சாப்பிடப் போய்விட்டேன். எச்செவார்னே கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். அன்செல்மோ கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிக்கல் பட்டுப்பட்டு அவன் விரல் நுனியெல்லாம் தடித்து, வெடித்திருக்கும்.

மறுநாள் காலை வழக்கம்போல மாத்தே என்னும் எங்கள் கசப்பு மூலிகைத் தேநீரை ஊற்றி, இருவருக்கும் பொதுவான கோப்பையை அவனிடம் நீட்டினேன். உறிஞ்சிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, “நன்றி” என்றான். மாத்தே குடிக்கும்போது அந்த வார்த்தை வந்தால் போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம். இருபது வருஷத்தில் அவன் ஒரு கோப்பையோடு நிறுத்தியதே இல்லை.

ஆகஸ்டில் தலைநகரிலிருந்து நிதி வெட்டு வந்தது. ஆய்வகத்து உதவிப் பணியிடங்களில் ஒன்றை டிசம்பரோடு முடித்துவிடச் சொல்லியிருந்தார்கள். எச்செவார்னே எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்தால் எனக்கு இப்போது வசதியாக இருக்கும்.

“அன்செல்மோ, நான் சுத்தி வளைக்கல” என்றார். “அக்டோபர் முடியறதுக்குள்ள அந்த எண் வந்தா திட்டத்த நீட்டிப்பாங்க. திட்டம் நீண்டா உங்க இடம் நிக்கும். வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எலிதா, நீங்க கொஞ்சம் கூடவே நின்னு பாருங்க, எங்க தப்பு விடறார்னு.”

“பாக்கறேன் டாக்டர்” என்றேன்.

அன்று புதன்கிழமை. சுல்மாவைக் கூட்டிவரப் போக வேண்டும் என்று அன்செல்மோ கிளம்பிவிட்டான்.

அக்டோபர் இருபத்தாறாம் தேதி, பன்னிரண்டாவது முறை. ஒன்பது புள்ளி நான்கு வந்தது.

நான் படியில் குதித்து இறங்கினேன். நாற்பத்தாறு வயதில் குதித்தேன். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “பாத்தியா! நான் சொன்னேன்ல, எல்லாம் கழுவறதுலதான் இருக்குன்னு!” என்று கத்தினேன்.

“ஆமா. நீ சொன்னதுதான் சரி” என்றான்.

எச்செவார்னே சாண்ட்விச்சும் சிட்ரா என்ற ஆப்பிள் மதுவும் வரவழைத்தார். பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் குடித்தோம். அன்செல்மோ எதையும் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றான். நம்பினேன். எண் மட்டும் பொருந்தினால் போதும், நான் எதையும் நம்புகிற ஆள் என்பது இப்போது தெரிகிறது. வளைகோட்டின் வடிவம் என் கணக்கோடு கொஞ்சம் ஒத்துப்போகாமல்தான் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? எல்லோரும் கடைசிப் புள்ளியைத்தான் பார்த்தோம். கட்டுரை போனது, ஏற்கப்பட்டது. திட்டம் நீண்டது. அவன் இடம் நின்றது.

மார்ச்சில் நான் அடுத்த வேலையைத் தொடங்கினேன். தங்கிய வாயுவை நிக்கல் எப்படி மாற்றுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்குக்குப் பொடியின் மின்சுமையெல்லாம் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை முழுதும் உட்கார்ந்து ஒவ்வொரு அணுவாகப் பார்த்தேன். பதினொன்றரை மணிக்குக் கண்டுபிடித்தேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. படிகத்தின் வரைபடம் வரும்போது துளைகளுக்குள் தண்ணீர் மூலக்கூறுகளும் சேர்ந்தே வரும். சூடாக்கினால் அவை போய்விடும் என்பதால், கணக்குக்கு முன்பே அவற்றை அழித்துவிடுவோம். படிகத்தைப் படம் பிடிக்கும் கதிருக்கு ஹைட்ரஜன் தெரியாது. அதனால் தண்ணீர், வரைபடத்தில் வெறும் ஒற்றை ஆக்சிஜனாகத்தான் நிற்கும். ஒற்றையாக நிற்கும் ஆக்சிஜனையெல்லாம் துடைத்துப்போட நான் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். அதை நினைத்துப் பெருமை வேறு. ஆனால் இந்தப் பொடியில் ஒவ்வொரு நிக்கலோடும் ஒட்டிக்கொண்டு இன்னோர் ஆக்சிஜன் இருந்தது. அது தண்ணீர் இல்லை. தன் ஹைட்ரஜனோடு அங்கேயே குடியிருப்பது, எவ்வளவு சூட்டுக்கும் போகாதது. என் நிரல் அதையும் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. விருந்தாளிகளை அனுப்புகிறேன் என்று வீட்டுக்காரனையும் சேர்த்து வெளியே தள்ளியிருக்கிறேன். வீடு பெரிதாகத் தெரியாமல் என்ன செய்யும்?

அந்த ஆக்சிஜனைத் திரும்ப வைத்துக் கணக்கை ஓடவிட்டேன். வியாழக்கிழமை மதியம் விடை வந்தது.

ஐந்தரை.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிஜம். ஒல்லி சரியாகத்தான் செய்திருக்கிறான்! பதினோரு முறையும்! அவனிடம் சொல்ல வேண்டும் என்று நாற்காலியிலிருந்து எழுந்து, கதவு வரை போய்விட்டேன். கைப்பிடியில் கை வைத்தபோதுதான் அக்டோபர் ஞாபகம் வந்தது.

இல்லாத ஓர் எண்ணை அவன் எப்படி அளந்தான்?

திரும்பி வந்து இரண்டு அளவீடுகளையும் பக்கத்தில் வைத்தேன், பதினோராவதும் பன்னிரண்டாவதும். பன்னிரண்டாவதின் முதல் புள்ளியைப் பதினோராவதின் முதல் புள்ளியால் வகுத்தேன். ஒன்று புள்ளி ஏழு. அடுத்ததும் ஒன்று புள்ளி ஏழு. நாற்பது புள்ளிகளிலும் அதேதான். புதிதாக ஒரு பொடி செய்து அளந்தால் அப்படி வராது, அங்கங்கே கொஞ்சம் ஏறும், இறங்கும். இது ஒரே அளவீடு. எடையை மட்டும் மாற்றியிருந்தான். வாயுவைக் கிராமுக்குக் கணக்கிடும்போது பொடியின் எடையை நாம்தான் கணினியில் தட்டிப் போட வேண்டும். பதினோராவதில் நூற்று நான்கு மில்லிகிராம். பன்னிரண்டாவதில் அறுபத்தொன்று. பொடி குறைவு என்று சொன்னால் கிராமுக்கு வாயு கூடிவிடும். அவ்வளவுதான் வேலை, இரண்டு பொத்தான்.

கீழே போனேன். அவன் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினேன்.

“ஒல்லி, என் கணக்கு தப்புடா.”

திரும்பிப் பார்த்தான்.

“நிக்கலோட ஒட்டியிருந்தத நான் தண்ணின்னு நெனச்சு அழிச்சிட்டேன். திரும்ப வச்சுப் பாத்தேன். அஞ்சரைதான் வருது.”

குழாயை மெதுவாகத் தாங்கியில் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான். நான் அக்டோபரைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதே இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

“அப்ப என் பொடி நல்லாத்தான் இருந்துச்சா?” என்றான்.

இதைத்தான் முதலில் கேட்டான். வேலையைப் பற்றி இல்லை, மாட்டிக்கொண்டதைப் பற்றி இல்லை.

“நல்லா இருந்துச்சு. பதினோரு தடவையும் நல்லா இருந்துச்சு.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறான் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. முகத்தை மூடிக்கொண்ட அந்த வெடித்த விரல்களுக்கு இடையில் தண்ணீர் வந்தபோதுதான் புரிந்தது.

“ரெண்டு வருஷம், எலிதா” என்றான். என்னைப் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிறது. “என் கையில என்ன கோளாறுன்னு ரெண்டு வருஷம் யோசிச்சேன். வீட்டுல தட்டு கழுவறப்பகூட, இதயாவது ஒழுங்காக் கழுவறேனான்னு பாப்பேன். கடைசியில, தப்பு எங்கிட்டதான், எடைய மாத்தினா உண்மையான எண்ணத்தான எழுதறோம்னு நெனச்சேன். நல்லாச் செய்யற எவனுக்காவது அதுதான வரும்னு. நெசமா அப்படித்தான் நெனச்சேன்.”

“தெரியும்டா.”

“வேற எதையும் தொடல. எடைய மட்டும்தான்.”

“நான் எழுதிடறேன்” என்றேன். “தப்பு என் கணக்குலன்னு பத்திரிகைக்கு எழுதிடறேன். எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கறேன்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். படிப்பை முடிக்காதவன்தான், ஆனால் எங்கள் வகுப்பிலேயே கூர்மையானவன் அவன்.

“எழுது. கணக்கு தப்புன்னா, அளந்தவனுக்கு எப்படி அதே தப்பு வந்துச்சுன்னு கேப்பாங்க இல்ல?”

கணக்குப் போடுகிறவள் தப்பு விட்டால் அதற்குப் பெயர் பிழை. திருத்தம் வெளியிடுவார்கள், நாலு பேர் சிரிப்பார்கள், அடுத்த மாதம் மறந்துபோவார்கள். அந்தப் பிழையோடு துல்லியமாகப் பொருந்தும் எண்ணை அளந்துகாட்டியவனுக்கு வேறு பெயர். என் தலையில் நான் எவ்வளவு போட்டுக்கொண்டாலும் வெளியே போவது அவன்தான்.

“நீ என்ன முடிவு பண்ணாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றான். “சுல்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். இந்த வேல எப்படி நின்னுச்சுன்னு தெரிஞ்சா, அந்த ஊசிய அவளே பிடுங்கிப் போட்டுடுவா.”

மேலே வந்து திருத்தக் கடிதத்தை எழுதினேன். பதினோரு வரி. ஒரு பொய்கூட இல்லாத கடிதம். சேமித்து வைத்தேன், அனுப்பவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் சுல்மா இருக்கிறாள், அது கிடைக்கட்டும், அதற்கப்புறம் அனுப்பலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பட்டியலில் அவள் ஆறு வருஷமாக இருக்கிறாள். தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் அந்தக் கடிதத்தைத் திறந்து, ஒரு காற்புள்ளியைச் சரிசெய்து, மூடுவேன். அன்செல்மோ மறுபடி மாத்தே குடிக்க மேலே வர ஆரம்பித்தான். இரண்டு கோப்பை, மூன்று கோப்பை, நிறுத்தாமல் குடிப்பான். பேசிக்கொள்ள எங்களிடம் எதுவும் இல்லை.

மே மாதம் ஒரு புதன்கிழமை அந்த மின்னஞ்சல் வந்தது. கொலம்பியாவில், புக்கராமாங்காவிலிருந்து. யாதிரா என்று ஒருத்தி. இதற்கு முன் எனக்கு எழுதியதில்லை.

மதிப்புக்குரிய டாக்டர் எலிதா அவர்களுக்கு, என்று தொடங்கியது. உங்கள் பச்சைப் பொடியை எட்டு முறை செய்துவிட்டேன். உங்கள் கட்டுரையில் சொன்னபடியே கழுவினேன், சூடாக்கினேன். ஒவ்வொரு முறையும் ஐந்தரைதான் வருகிறது. என் ஆய்வேட்டின் முதல் பகுதியே இதுதான். என் கைக்கு இந்த வேலை வராது என்கிறார் என் வழிகாட்டி. ஜூன் வரை எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார், அதற்குப் பிறகு உதவித்தொகையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். நான் எங்கே தப்புச் செய்கிறேன் என்று ஒரு வரி எழுத முடியுமா?

அவளுடைய அளவீட்டையும் இணைத்திருந்தாள். அன்செல்மோ மாத்தே கோப்பையோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்த வளைகோட்டைப் பார்த்தான். சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் தவிர, அவனுடைய பழைய வளைகோடேதான் அது.

“நல்ல கை, இந்தப் பொண்ணுக்கு” என்றான்.

கோப்பையை மேஜையில் வைத்தான். மணியைப் பார்த்தான்.

“சுல்மாவுக்கு முடிஞ்சிருக்கும். கூட்டிட்டு வரணும்” என்று படியிறங்கிப் போனான். மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, காற்றுக்குத் தலையைக் குனிந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் போவது ஜன்னலில் தெரிந்தது.

பதினோரு வரிக் கடிதத்தைத் திறந்தேன். படித்தேன். மூடினேன். பிறகு பதில் எழுதினேன்.

அன்புள்ள யாதிரா, எங்களுக்கும் தொடக்கத்தில் இதே சிக்கல் இருந்தது. பெரும்பாலும் துளைகள் அடைபட்டிருக்கும். இன்னும் மூன்று நாள் கழுவிப் பாருங்கள்.

ஒருமுறை படித்துப் பார்த்தேன். மூன்று என்பதை ஐந்து என்று மாற்றிவிட்டு அனுப்பினேன்.